பட்லர் இங்கிலீசு

அந்தியூரில் எங்கள் காலனியில் பொறியியல் முடித்த பெண் ஒருத்தி இருக்கிறாள். அம்மா வெற்றிலைக் கொடிக்காலில் கூலிக்குப் போகிறவர். கோயமுத்தூரில் ஒரு கம்பெனி வைத்த எழுத்துத் தேர்வில் இந்தப் பெண் தேறினாள். கணக்கில் தேறினாள், கம்ப்யூட்டரில் தேறினாள். கடைசியில் ஒரு அறைக்குள் கூப்பிட்டுப் பத்து நிமிசம் ஆங்கிலத்தில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அதோடு முடிந்தது. ஏனென்று கேட்டதற்கு மூன்று எழுத்தைச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்: எம்.டி.ஐ. மதர் டங் இன்ஃப்ளூயன்ஸ். தாய்மொழிச் சாயல் அடிக்கிறதாம். இயல்பாக வரவில்லையாம்.

ஊருக்கு வந்து பஸ் இறங்கிய இடத்தில் விசயத்தைக் கேட்ட ஒரு பெரியவர் அதையே நம் ஊர்ப் பேச்சில் சொன்னார். "பட்லர் இங்கிலீசா இருந்திருக்கும், வேறென்ன." அவர் கெட்ட மனசில் சொன்னதல்ல. எல்லோரும் சொல்கிற சொல்தானே? நானும் சொல்லியிருக்கிறேன். கல்லூரியில் என்னைப் பார்த்தும் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தப் பெண் என்னிடம் வந்து கேட்டது வேறு. "எந்தத் தாய்மொழியச் சொல்றாங்கண்ணா?"

நியாயமான கேள்வி. அருந்ததியர் வீடுகளில் நாங்கள் பேசுவது தெலுங்கு. ஆந்திராக்காரர் கேட்டால் இதுவா தெலுங்கு என்பார். ஊருக்குள் போனால் வார்த்தைக்கு வார்த்தை 'சாமி' போட்ட ஒரு தமிழ். பள்ளிக்கூடத்தில் இன்னொரு தமிழ். நான் எம்.ஏ. தமிழ் படித்தவன். அந்தத் தமிழ் எனக்கு மூன்றாவது. ஆங்கிலம் நான்காவதாக வந்து சேர்ந்தது. பத்து நிமிசத்தில் இந்த நாலில் எதன் சாயல் என்று பிரித்துப் பார்க்கிற காது எந்தக் கம்பெனியிலும் இருக்காது. அவர்களுக்குக் கேட்டது வேறு ஏதோ ஒன்று. அது என்ன என்று தேடப்போய்த்தான் நான் இந்த 'பட்லர்' என்கிற ஆளிடம் வந்து சேர்ந்தேன். யார் இந்த பட்லர்? அவர் பேசிய இங்கிலீசு எப்படி வசைச்சொல் ஆனது?

வெள்ளைக்காரன் சென்னையில் குடித்தனம் வைத்தபோது அவனுக்கு இரண்டு வகை ஆட்கள் தேவைப்பட்டார்கள். வியாபாரத்துக்குத் துபாசி. வீட்டுக்கு பட்லர், சமையல்காரர், ஆயா, குதிரைக்காரர். துபாசி வேலைக்கு நிலமும் பணமும் உள்ள சாதிகள் போட்டி போட்டு வந்தன. சமையல்கட்டுக்கு அவர்கள் வரவில்லை. மாட்டிறைச்சி அறுக்க வேண்டும், சாராயப் புட்டி திறக்க வேண்டும், துரை தின்ற தட்டைக் கழுவ வேண்டும். தீட்டு. அந்தத் தீட்டான வேலைக்குப் பெரும்பாலும் வந்தவர்கள் பறையர்கள். சென்னை மாகாணத்து வெள்ளைக்காரர் எழுதி வைத்த குறிப்புகளில் 'பறைய வேலைக்காரர்' என்பது சர்வசாதாரணமாக வரும். புத்தகம், இலக்கணம், வாத்தியார் எதுவும் இல்லாமல், காதால் கேட்டு வாயால் பேசி ஆங்கிலத்தைப் பிடித்த முதல் தமிழர்களில் பெரும்பகுதி இவர்களே என்று சொல்லத் துணிவேன். மற்றவர்கள் ஆங்கிலத்தை எழுத்தாகக் கற்றார்கள். நம்மவர் பேச்சாகக் கற்றார்கள்.

இவர்கள் பேசியதற்குப் பெயர் வைத்து அச்சில் ஏற்றியது 1886இல் வந்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்ற அகராதி. ஹென்றி யூல், ஏ.சி. பர்னல் என்ற இருவர் தொகுத்தது. பர்னல் சென்னை மாகாணத்தில் நீதிபதியாக இருந்தவர், தஞ்சாவூரில் இருந்தவர், வடமொழி ஏடுகளைத் தேடித்தேடிப் பட்டியல் போட்டவர். இந்த அகராதியில் 'பட்லர் இங்கிலீஷ்' என்று தனிப் பதிவே உண்டு. சென்னை மாகாணத்து வேலைக்காரர் பேசும் உடைந்த ஆங்கிலம், சீனத்துத் துறைமுகக் கொச்சையைவிட அப்படியொன்றும் உசத்தியில்லை என்கிற தோரணையில் எழுதியிருப்பார்கள்.

ஆனால் அந்தப் பதிவை நிதானமாகப் படித்தால் ஒரு விசயம் கிடைக்கிறது. உடைந்தது என்று சொன்ன கையோடு அதன் விதிகளையும் அவர்களே எழுதிக்காட்டுகிறார்கள். 'ஐ டெல்லிங்' என்றால் சொல்லுவேன். 'ஐ டன் டெல்' என்றால் சொல்லியாயிற்று. 'டன் கம்' என்றால் வந்தாயிற்று. அதாவது வருங்காலத்துக்கு ஒரு வடிவம், முடிந்துபோன செயலுக்கு ஒரு வடிவம், இரண்டும் குழம்பாமல் நிற்கிறது. விதியிருக்கிற பேச்சை உடைந்தது என்று எப்படிச் சொல்வது? கொங்கு நாட்டில் நாம் 'சொன்னேன்' என்பதோடு நிறுத்துவதில்லை. வேலை முடிந்தது என்று காட்ட 'சொல்லிப்போட்டனுங்' என்போம். 'வந்துபோட்டான்', 'தின்னுபோட்டான்'. அந்தப் 'போட்டு' செய்கிற வேலையை அந்த 'டன்' செய்கிறது. அந்த பட்லர் ஆங்கிலத்தைத் தப்பாகப் பேசவில்லை. தன் மொழியில் இருந்த நுட்பம் ஆங்கிலத்தில் இல்லையே என்று தானே ஒன்றைச் செய்துகொண்டார். என் தமிழ் இலக்கண ஆசிரியர்கள் இதைத் துணைவினை என்று பத்து மார்க்குக்கு நடத்தினார்கள். துணைவினையை பட்லர் போட்டால் மட்டும் உடைசல்.

இன்னொன்றும் அதே பதிவில் இருக்கிறது. இந்தப் பேச்சைத் துரைமார்களும் பேசினார்களாம். வேலைக்காரரிடம் பேசும்போது துரையும் 'டன் கம்' என்றுதான் கேட்டானாம். இதில் இதுதான் விசித்திரம் என்று அகராதிக்காரர்களே வியக்கிறார்கள். அப்படியானால் இது இரண்டு பேர் சேர்ந்து உண்டாக்கிய மொழி, இரண்டு பேர் வாயிலும் புழங்கிய மொழி. பெயர் மட்டும் ஒருவன் தலையில் விழுந்தது. 'துரை இங்கிலீஷ்' என்று எவரும் சொல்லவில்லை.

1891இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஹூகோ சூகார்ட் என்ற மொழியறிஞர் இந்திய ஆங்கிலங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் சென்னை பட்லர் பேச்சும் ஆராய்ச்சிப் பொருள். அங்கே மொழியியல், இங்கே கேலி. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் நான் படித்த காலத்தில் இந்தப் பேச்சை யாரும் பாடமாகக் காட்டியதில்லை. வகுப்பில் ஒரு மாணவனை மட்டந்தட்டுவதற்கு மட்டும் அந்தச் சொல் வரும்.

கேலிக்கு ஆளானவர்கள் நாம் மட்டும்தானா என்று கேட்கலாம். இல்லை. வங்காளத்து எழுத்தர்களின் ஆங்கிலத்தை 'பாபு இங்கிலீஷ்' என்று வெள்ளைக்காரன் கேலி செய்தான். 1897இல் எஃப். ஆன்ஸ்டி என்பவர் ஒரு பாபுவைக் கதாபாத்திரமாக்கி முழுப் புத்தகமே போட்டார், அதற்கு முன் அது லண்டன் 'பஞ்ச்' பத்திரிகையில் தொடராக வந்து எல்லோரும் சிரித்தார்கள். பாபு நீட்டி முழக்கி எழுதுவான் என்பது கேலி. ஆனால் அந்த பாபுவின் பிள்ளைகளும், இங்கே சென்னையில் அதே இடத்தில் இருந்த பார்ப்பனப் பிள்ளைகளும் வக்கீலானார்கள், நீதிபதியானார்கள், பத்திரிகை நடத்தினார்கள், ஆங்கில வாத்தியார் ஆனார்கள். அவர்கள் வீட்டு ஆங்கிலமே 'நல்ல ஆங்கிலம்' ஆயிற்று. பாபு இங்கிலீஷ் என்ற வசை தமிழில் நிற்கவில்லை. இன்று அந்தியூர் பஸ் நிறுத்தத்தில் அதைச் சொன்னால் யாருக்கும் புரியாது. பட்லர் இங்கிலீசு மட்டும் எல்லோருக்கும் புரிகிறது. துரை போய் முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது, பட்லரும் இல்லை, வசை மட்டும் வேலைக்கு நிற்கிறது.

சமையல்கட்டில் நின்ற அந்த பட்லர்களில் ஒருவர் பெயர் நமக்குத் தெரியும். கந்தப்பன். ஜார்ஜ் ஹாரிங்டன் துரையின் பட்லர். அயோத்திதாசப் பண்டிதரின் பாட்டனார். தங்கள் குடும்பத்திலிருந்த திருக்குறள் ஓலைச்சுவடியைக் கந்தப்பன் துரையிடம் கொடுக்க, அது எல்லிஸ் துரையின் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று பண்டிதர் எழுதியிருக்கிறார். எல்லிஸ் சென்னைக் கலெக்டர், கோட்டைக் கல்லூரியை அமைத்தவர், தென்னாட்டு மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவையல்ல என்று 1816லேயே எழுதியவர். திருக்குறள் முதல் தடவையாக அச்சேறியது 1812இல். குறளைப் பற்றி மேடை மேடையாகப் பேசுகிறவர்கள் கந்தப்பனைப் பற்றிப் பேசுவது குறைவு. எனக்கு ஒரு கேள்வி அடிக்கடி வரும். அந்தச் சுவடி என்ன, எத்தனை அதிகாரம், யார் பாடியது என்று கந்தப்பன் துரைக்கு எந்தப் பேச்சில் எடுத்துச் சொல்லியிருப்பார்? துரைக்குத் தமிழ் கொஞ்சம் தெரிந்திருக்கலாம். இருந்தாலும் பாதியாவது அந்த பட்லர் இங்கிலீசில்தான் நடந்திருக்கும். என்றால் வள்ளுவர் அச்சுக்கூடம் போன வழியில் அந்த இங்கிலீசும் கூட நடந்திருக்கிறது.

மெக்காலேவை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. ஆங்கிலக் கல்வி என்றாலே 1835 பிப்ரவரி 2ஆம் தேதி அவர் எழுதிய குறிப்பிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. அதற்கு ஏழெட்டு மாதம் முன்பு, 1834 ஜூனில், அவர் கப்பலிலிருந்து இறங்கியது சென்னையில். இறங்கியவர் நேரே கல்கத்தா போகவில்லை. கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைப் பார்க்கப் பல்லக்கில் ஊட்டிக்குப் போய், அந்தக் கோடை கழிய நீலகிரியிலேயே இருந்தார். போகிற வழியிலும் ஊட்டியிலும் சோறாக்கிப் போட்டவர்கள், தண்ணீர் சுடவைத்தவர்கள் எல்லாம் ஏதோ ஓர் ஆங்கிலம் பேசியிருப்பார்கள். அவர் காதிலும் விழுந்திருக்கும். ஆனால் ஆங்கிலம் கற்கத் தகுந்தவர்கள் யார் என்று எழுத உட்கார்ந்தபோது இவர்கள் கணக்கில் வரவில்லை. ஏற்கெனவே ஆங்கிலம் பேசிக்கொண்டிருந்தவர்களை விட்டுவிட்டு, இனிமேல் படிக்கப்போகிறவர்களுக்காகத் திட்டம் போட்டார்கள்.

அந்த நீலகிரிக்கும் எங்கள் பக்கத்துக்கும் தொடர்பு பழையது. கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் ஊட்டியில் கல் பங்களா கட்டியது 1820களில். 1868 வரை நீலகிரி தனி ஜில்லா இல்லை. 1870 முதல் ஊட்டி மாகாணத்தின் கோடைத் தலைநகர். 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கும் 1908இல் ஊட்டிக்கும் ரயில் போனது. கீழே இருந்து ஆட்கள் மேலே போய்க்கொண்டே இருந்தார்கள், ரோடு போட, தேயிலை பறிக்க, பங்களாவில் வேலை செய்ய. சம்பளம் ஒரு காரணம். ஊரை விட்டுத் தப்புவது இன்னொரு காரணம்.

அப்படி மேலே போனவர்களில் ஒருவர் சமையல்கட்டுக்குப் போகாமல் கணக்கு எழுதப் போனார். இரட்டைமலை சீனிவாசன். செங்கல்பட்டுப் பக்கம் கோழியாளத்தில் பிறந்தவர். அவர் படித்தது கோயமுத்தூரில் என்பது நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கே தெரியாது. 1939இல் வந்த அவருடைய ஜீவிய சரித்திரச் சுருக்கம் சிறிய புத்தகம், ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம். கோயமுத்தூர்ப் பள்ளி நாட்களைப் பற்றி அதில் அவர் எழுதியிருக்கும் பகுதியை நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். சுமார் நானூறு மாணவர்கள். பத்துப் பேர் போக மீதி எல்லோரும் பார்ப்பனர்கள். யாரிடமாவது சிநேகம் வைத்தால் சாதி, வீடு எல்லாம் விசாரிப்பார்கள், தெரிந்தால் இழிவாக நடத்துவார்கள் என்று பயந்து, மணி அடிக்கும்வரை வெளியே எங்கேயாவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாராம். மணி அடித்ததும் உள்ளே போவார். பள்ளி விட்டதும் யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்கு ஓடுவார். விளையாடவில்லை, பேசவில்லை.

ஒரு மொழி இயல்பாக வரவேண்டுமென்றால் என்ன வேண்டும்? பேச ஆள் வேண்டும். தப்பாகச் சொன்னால் சிரித்துவிட்டுத் திருத்துகிற சிநேகிதன் வேண்டும். விளையாட்டில் சண்டை போடவேண்டும். அதெல்லாம் மைதானத்தில் கிடைக்கிற பாடம். சீனிவாசனுக்கு வகுப்பு மட்டும் கிடைத்தது, மைதானம் கிடைக்கவில்லை. இந்த வித்தியாசத்தை நம் கல்விப் புள்ளிவிவரங்கள் எதுவும் காட்டாது. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்று எழுதுவார்கள். எத்தனை பேரோடு பேசினார்கள் என்று எழுத மாட்டார்கள்.

அப்படி வாயை மூடிக்கொண்டு படித்தவர் பிறகு என்னவெல்லாம் ஆனார் என்று பாருங்கள். நீலகிரியில் வெள்ளைக்காரக் கம்பெனிகளில் கணக்கர். 1893இல் சென்னையில் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். மறைத்த பெயரை மகுடமாக வைத்தார். அதே காலத்தில், ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் மட்டுமல்லாமல் இந்தியாவிலும் நடத்த வேண்டுமென்று காங்கிரஸ் கேட்டபோது, அப்படி நடத்தினால் சாதி இந்துக்களே அதிகாரத்தில் நிறைவார்கள் என்று எதிர்த்து மூவாயிரத்துச் சொச்சம் கையெழுத்தோடு லண்டன் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். பிறகு தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். பள்ளியில் பேசப் பயந்த பிள்ளை அடுத்தவர்களின் வழக்குக்கு வாயாக நின்றார். திரும்பி வந்து 1923இல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினர். பொதுச் சாலை, பொதுக் கிணறு எல்லோருக்கும் பொது என்று 1924இல் தீர்மானம் கொண்டுவந்து அரசாணையும் வாங்கினார். 1930இல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாடு. ஒடுக்கப்பட்டோர் பாதுகாப்புக் கோரி இருவரும் சேர்ந்து கொடுத்த அறிக்கை வரலாற்றில் நிற்கிறது.

அதே மாநாட்டில் இன்னொரு சென்னை மாகாணத்துக்காரரும் இருந்தார். வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. ஏழைப் புரோகிதர் வீட்டுப் பிள்ளை, திருவல்லிக்கேணியில் தலைமை ஆசிரியராக இருந்தவர், 'வெள்ளி நாக்குப் பேச்சாளர்' என்று வெள்ளைக்காரர்களே புகழ்ந்த ஆங்கிலம். காந்தியின் சுயசரிதை ஆங்கிலத்தை அவர் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தார். உழைத்துக் கற்ற ஆங்கிலம், அதைக் குறைசொல்லப் போவதில்லை. தென்னாப்பிரிக்காவில்கூட இருவரும் இருந்திருக்கிறார்கள், வேறு வேறு காலத்தில். ஒரு சீனிவாசன் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். இன்னொரு சீனிவாசர் 1927 முதல் 1929 வரை இந்திய அரசின் ஏஜெண்ட். ஆங்கிலம் பேசிய தமிழர் யார் என்று கேட்டால் பாடப்புத்தகம் சாஸ்திரியைச் சொல்லும். நாக்கு வெள்ளியா என்று பார்த்தார்கள். அந்த நாக்கு என்ன கேட்டது என்று பார்த்திருந்தால் பட்டியல் வேறு மாதிரி இருந்திருக்கும். சாலையில் நடக்கிற உரிமையைக் கேட்ட ஆங்கிலம் சாஸ்திரியுடையது அல்ல.

இப்போது எங்கள் வீட்டுக் கதை ஒன்று. எங்க அவ்வாவுக்கு அண்ணன் ஒருவர், நாங்கள் தாத்தா என்றே கூப்பிடுவோம். இளவயதில் ஊட்டிக்குப் போய் ஒரு துரை பங்களா சமையல்கட்டில் எடுபிடியாகச் சேர்ந்து சமையல்காரரானவர். துரை சீமைக்குப் போனபிறகு இன்னும் சில வீடுகளில் இருந்துவிட்டு அந்தியூருக்கே வந்துவிட்டார். கையில் காசு ஒன்றும் இல்லை. வாயில் இங்கிலீசு இருந்தது.

எங்களாள்கள் டீக்கடைக்கு வெளியே நின்று "சாமி, ஒரு டீ ஊத்துங்க சாமி" என்று கேட்கிற காலம். தேங்காய்த் தொட்டியிலோ தனி டம்ளரிலோ ஊற்றுவார்கள். தாத்தா போய் நின்று "ஒன் டீ" என்பார். அவ்வளவுதான், சாமி கிடையாது. பண்ணையக்கார் எதிரே வந்தால் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக் குனிய வேண்டிய இடத்தில், நிமிர்ந்தபடி "குட்மார்னிங் சார்" என்று போய்க்கொண்டே இருப்பார். ஊர் சிரிக்கும். "பட்லரு போறான் பாரு" என்பார்கள். சின்னப் பையன்கூட "டேய் பட்லரு, இங்கிலீசு பேசுடா" என்பான். கொங்குத் தமிழ் மரியாதையான தமிழ் என்று பெருமை பேசுகிறோமே, அந்த 'ங்க' எங்கள் தாத்தாக்கள் வாயிலிருந்து மேலே போனது, மேலேயிருந்து கீழே வந்ததில்லை.

எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. தாத்தா இங்கிலீசைப் பெருமைக்குப் பேசவில்லை. தமிழில் அவர் வாயைத் திறந்தால் 'நீ' என்பதா, 'நீங்க' என்பதா, 'சாமி' என்பதா என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் தன் இடத்தைத் தானே சொல்லியாக வேண்டும். இங்கிலீசில் 'யூ' ஒன்றுதான். துரைக்கும் யூ, நாய்க்கும் யூ. அந்த ஒற்றைச் சொல்லுக்குள் போய் ஒளிந்துகொண்டார். ஊர் அதைப் பைத்தியக்காரத்தனம் என்று எடுத்துக்கொண்டதால் அடி விழவில்லை. சிரிப்பு அவருக்குக் குடையாக இருந்தது. டீ என்னவோ கடைசிவரை தனி டம்ளரில்தான் வந்தது. இதையும் சொல்லவேண்டும். இங்கிலீசு டம்ளரை மாற்றவில்லை.

பள்ளிக்கூடங்கள் இதைக் கவனித்தனவா? 1894இல் ஆல்காட் அடையாறில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். அமெரிக்காவிலிருந்து வந்த ஆசிரியைகள் கிண்டர்கார்டன் முறையில் பாடம் நடத்தினார்கள். அன்றைக்கு அது பெரிய காரியம், நன்றியோடு சொல்ல வேண்டிய காரியம். ஆனாலும் ஆல்காட் மனதில் இருந்த அளவு சின்னது. நாலு கணக்கு, எழுத்து, பிழைக்கிற அளவுக்குக் கொஞ்சம் ஆங்கிலம். பிள்ளைகள் நல்ல வேலைக்காரர்களாக வந்தால் போதும் என்கிற அளவு. அயோத்திதாசரும் சீனிவாசனும் கேட்டது அந்த அளவு அல்ல. எங்கள் கொங்குப் பக்கத்து அருந்ததியருக்கு இந்த அளவும் வர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. தனியாக மூன்று சதவீத உள் ஒதுக்கீடு 2009இல்தான் வந்தது. உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 1 அன்று அதைச் சரியென்றது. கதவு திறக்க இத்தனை காலம். திறந்து உள்ளே போனால் இன்னொரு கதவு, அதில் எம்.டி.ஐ. என்று எழுதி ஒட்டியிருக்கிறது.

அம்பேத்கர் பள்ளியில் சமஸ்கிருதம் கேட்டார், தீண்டப்படாத பையனுக்குச் சொல்லித்தர மாட்டேன் என்று ஆசிரியர் மறுக்க, பாரசீகம் எடுத்துப் படித்தார். சொந்த நாட்டு மொழி என்று சொல்லப்பட்டது சாத்தப்பட்டது. அந்நிய மொழி திறந்திருந்தது. நமக்கும் ஆங்கிலத்துக்கும் உள்ள உறவு இப்படிப்பட்டது. மோகமில்லை, வழி தேடல். உத்தரப்பிரதேசத்தில் லக்கிம்பூர் கேரி மாவட்டம் பாங்கா கிராமத்தில் 2010இல் சந்திரபான் பிரசாத் ஆங்கிலத் தேவிக்குக் கோயில் கட்ட அடிக்கல் நாட்டினார். கையில் பேனா, காலடியில் கம்ப்யூட்டர். மெக்காலே பிறந்த அக்டோபர் 25ஐ அவர் கொண்டாடுகிறார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் தேவி என்றால் பூசாரி வந்துவிடுவான். ஏற்கெனவே வந்துவிட்டான், கம்பெனி அறையில் உட்கார்ந்து பத்து நிமிசம் கேட்டுவிட்டு இவள் உச்சரிப்பு சுத்தமில்லை என்று தட்டைத் திருப்பி அனுப்புகிறானே.

தமிழிலும் இதேதான் நடந்தது. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது இது என்ன தமிழ், கொச்சை என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். நம் தமிழ் கொச்சை, நம் தெலுங்கு தெலுங்கே இல்லை, நம் ஆங்கிலம் பட்லர். மூன்று மொழியிலும் ஒரே வாய் எப்படித் தப்பாகவே பேசும்? மொழி மாறுகிறது, தீர்ப்பு மாறவில்லை. அப்படியானால் கேட்கிறவன் காதைத்தான் பரிசோதிக்க வேண்டும்.

அமெரிக்காவில் கறுப்பர்கள் இதை நீதிமன்றத்திலேயே கேட்டார்கள். மிச்சிகன் மாநிலம் ஆன் ஆர்பரில் கறுப்பின ஏழைக் குழந்தைகளைப் படிப்பு வராதவர்கள் என்று பள்ளி ஒதுக்கியது. அவர்கள் வீட்டில் பேசுவது தனி விதிகள் உள்ள ஓர் ஆங்கிலம், அது ஆசிரியருக்குத் தெரியாதது பள்ளியின் குற்றம் என்று பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 1979இல் நீதிபதி சார்லஸ் ஜாய்னர் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தார். குழந்தையின் வீட்டு மொழியை ஆசிரியர் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும், அதிலிருந்து பொது ஆங்கிலத்துக்கு அழைத்துப் போக வேண்டும் என்பது அதன் சாரம். அந்தக் கறுப்பர் ஆங்கிலத்திலும் முடிந்த செயலுக்கு 'டன்' வரும். நம் பட்லர் சொன்ன அதே 'டன்'. யார் யாரிடம் கற்றார்கள் என்ற ஆராய்ச்சி எனக்கு வேண்டாம். இரண்டு கண்டத்திலும் அடுத்தவன் சமையல்கட்டில் நின்றவர்கள் வாயில் அது இருந்தது.

இதையெல்லாம் சொன்னபிறகு, சரி, அப்படியே பேசிக்கொண்டு போ என்று அந்தப் பெண்ணிடம் என்னால் சொல்ல முடியாது. அவள் அம்மாவுக்கு முழங்கால் வலி. வீட்டுக்குச் சம்பளம் வேண்டும். கம்பெனி கேட்கிற ஆங்கிலத்தை அவள் கற்கத்தான் வேண்டும், வேட்டிக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொள்கிற மாதிரி. அதற்காகத்தான் எங்கள் காலனி சமுதாயக் கூடத்தில் சாயங்காலம் ஏழு மணிக்கு உட்காருகிறோம். பன்னிரண்டு, பதின்மூன்று பேர். சினிமா பார்த்துப் பேசிப் பழகு என்று சிலர் சொன்னார்கள், அதையும் செய்கிறோம். எனக்கு உச்சரிப்பு தெரியாது, கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒரு தோழர் வாரம் ஒருநாள் வந்து சொல்லித்தருகிறார். முக்கியமாக நாங்கள் செய்வது ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது. சண்டையும் போட்டுக்கொள்கிறோம், இங்கிலீசிலேயே. சீனிவாசனுக்குக் கிடைக்காத மைதானம்.

படிக்க எடுத்துக்கொண்டது அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு', அவர் எழுதிய ஆங்கிலத்திலேயே. லாகூரில் ஜாத் பாத் தோடக் மண்டல் மாநாட்டில் பேசுவதற்காக 1936இல் எழுதியது. எழுதியதைப் படித்துவிட்டு அவர்கள் மாற்றச் சொன்னார்கள், இவர் ஒரு கமாவைக்கூட மாற்ற மாட்டேன் என்றார், மாநாடே நின்றது. தானே காசு போட்டு அச்சடித்தார். வாயால் பேசுவதற்கென்று எழுதப்பட்டு மேடையில் பேசப்படாமல் போன ஆங்கிலம். அதை நாங்கள் உரக்கப் படிக்கிறோம்.

போன வாரம் அந்தப் பெண்ணின் முறை. இரண்டாவது பக்கத்தில் ஒரு நீண்ட சொல்லில் தடுக்கி நின்றாள். ஒருத்தன் சிரித்தான். அவள் தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்து, "ஐ டன் டெல், டோண்ட் லாஃப்" என்றாள். நான் சொன்ன கதையை மறக்கவில்லை. எல்லோரும் சிரித்தோம், அவளும். பிறகு அந்தச் சொல்லைத் தனக்கு வந்தபடி சொல்லிவிட்டு மேலே படித்தாள். அடுத்த மாதம் அவளுக்குக் கோயமுத்தூரில் இன்னொரு நேர்முகம் இருக்கிறது. விடியக்காலை முதல் பஸ்ஸில் போகவேண்டும்.